கறுப்புப் பெயிண்ட், இரண்டு கோட்

கற்பூரம் ஒரு தகர மூடியின் மேல் எரிந்துகொண்டிருந்தது. கிரீஸ் டப்பாவின் மூடி அது. பகல் வெயிலில் சுடர் கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்கு மேலிருந்த காற்று மட்டும் நடுங்கியது.

ஏகாம்பரம் வலது கையை லுங்கியில் இரண்டு முறை துடைத்துக்கொண்டார்.

"அந்த மோட்டார நான் மாத்தல. மாத்தியிருந்தா இந்தக் கை விளங்காமப் போவட்டும்."

சொல்லிவிட்டு உள்ளங்கையைச் சுடரின் மேல் வைத்து அமுக்கினார். எடுத்தபோது கற்பூரம் அணைந்திருந்தது. புகையோடு பேட்டரி ஆசிட் வாசனையும் சேர்ந்து வந்தது. அவர் கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்தார்.

"போதுமா சார்?"

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சாரியில் இருந்தது அவருடைய கடை. கார், லாரி, பஸ் வண்டிகளின் பேட்டரி, டைனமோ, செல்ஃப் மோட்டார் எல்லாம் அங்கே பழுது பார்ப்பார். அவரையும் என்னையும் சேர்க்காமல் அப்போது கடை வாசலில் ஏழு பேர் நின்றார்கள். கற்பூரம் கேட்டவன் நான்.

தேதி டைரியில் இருக்கிறது. இங்கே அது வேண்டாம். எண்பதுகளின் நடுவில் ஒரு திங்கட்கிழமை, மார்க்கெட்டில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டைகள் வந்து இறங்கும் பருவம் என்பது போதும்.

இந்தத் தொடரில் இதுவரை எழுதிய பதினொரு வாரங்களிலும் நான் நல்லவனாகவே வந்திருக்கிறேன். என் ஒழுங்கைப் பாராட்டி வாசகர்கள் சிலர் கடிதம் எழுதியிருந்தார்கள். அவற்றைப் படித்தபோது முகத்தில் சூடு ஏறியது. அதனால்தான் வரிசைப்படி அடுத்து வரவேண்டிய மாற்றல் உத்தரவுக் கதையைத் தள்ளி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

மில்லுக்காரர் வண்டி

அப்போது நான் விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் இருந்தேன். வயது முப்பத்தெட்டு. கோடு இழுப்பதும், இழுத்த கோட்டைச் சரிபார்ப்பதும்தான் வேலை. ரயில்வே காலனிக்குப் பின்புறத் தெருவில் வாடகை வீடு. என் மனைவி கமலாவும் நானும்.

திண்டிவனத்தில் அரிசி மில் வைத்திருந்த ஒருவர் தன் பழைய டீசல் அம்பாசிடரை விற்றார். அதை வாங்கினேன். வெள்ளையாக இருந்து மோர் நிறத்துக்கு வந்திருந்த வண்டி. பின்சீட்டை எவ்வளவு தட்டினாலும் இடுக்கிலிருந்து தவிடு உதிரும். மழைக்காலத்தில் ஊறிய அரிசி வாசனை வரும்.

அந்த வண்டிக்கென்று தனி நோட்டுப் புத்தகம் போட்டேன். ஆயில் மாற்றிய நாள், டயரைச் சுழற்றிப் போட்ட நாள், எந்தக் கதவின் எந்தத் திருகு லூஸ் என்பது வரை அதில் இருந்தது. லோகநாதன் அதைப் பார்த்துச் சிரிப்பார். பக்கத்து வீட்டுக்காரர், கூட்ஸ் ரயில் கார்டு. "எங்க இன்ஜினுக்கே இவ்ளோ ரெக்கார்டு கெடையாது சார்" என்பார். எனக்கு அது புகழ்ச்சியாகத்தான் கேட்டது.

ஒழுங்கைப் பற்றி எனக்கிருந்த கர்வத்தைச் சொல்ல இன்னும் பழைய ஒரு சம்பவத்துக்குப் போக வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில், பயிற்சியின்போது, ஒரு காம்பஸ் பெட்டி காணாமல் போனது. எல்லோருடைய பையையும் திறந்து காட்டச் சொன்னார்கள். மற்றவர்கள் முகம் சுண்டிப்போனது. ஒருவன் அழுதேவிட்டான். நானோ முதல் ஆளாகப் பையைத் திறந்து, பென்சில்களை நீள வாரியாக அடுக்கியிருந்ததைக் காட்டினேன். சோதிப்பதில் அவமானப்பட என்ன இருக்கிறது என்று அன்று எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

பெட்டி பிறகு வேறு அறையில் கிடைத்தது. அழுதவன் அடுத்த வாரமே ஊருக்குப் போய்விட்டான். அவன் பெயர் இப்போது நினைவில் இல்லை. டைரியிலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வேலை

வண்டி வந்த இரண்டாம் வருடம் செல்ஃப் மோட்டார் மக்கர் செய்ய ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் சில நாள் சுற்றும். சில நாள் முனகும். ஒருநாள் முனகலும் நின்றது.

வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட எனக்கு மனம் வராது. யாரோ ஒருவர் கறுப்புக் கையோடு ஸ்டியரிங்கைத் தொடுவதை நினைத்தாலே பிடிக்காது. நானே கழற்றுவது என்று முடிவு செய்தேன்.

லோகநாதன் வீட்டுத் தோட்டத்தில் இரண்டு மரக்கட்டைகள் கிடந்தன. ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, அவற்றை முட்டுக் கொடுத்தேன். பின்சக்கரங்களுக்குக் கருங்கல். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினேன். மோட்டாருக்கு வரும் ஒவ்வொரு ஒயரிலும் ஒரு சீட்டுக் கட்டி 1, 2, 3 என்று எழுதினேன். எந்த ஒயர் எங்கே என்று படமும் வரைந்துகொண்டேன்.

மோட்டாரைப் பிடித்திருந்தவை இரண்டே போல்ட்டுகள். கீழ் போல்ட் கண்ணுக்குத் தெரியும். மேல் போல்ட் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் மூலையில் ஒளிந்திருந்தது. முகச்சவரக் கண்ணாடியைக் கம்பியில் கட்டி உள்ளே நீட்டி அதைப் பார்த்தேன். மண்ணெண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்த பிறகே அது அசைந்தது. கழன்ற மோட்டார் என் நெஞ்சின் மேல் இறங்கியது. கைக்குழந்தையை விடக் கனம்.

மறுநாள் லீவு போட்டு, அதைச் சாக்குப் பையில் சுற்றி, பஸ்ஸில் திண்டிவனம் போனேன். மில்லுக்காரர் காலத்திலிருந்து அந்த வண்டிக்கு வேலை செய்தவர் ஏகாம்பரம்தான் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

அவருக்கும் என் வயதுதான் இருக்கும். மோட்டாரைப் பிரித்து, உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "சார், இதுக்கு கருமாதி பண்ணிட்லாம்" என்றார்.

"பழுது பார்க்க முடியாதா?"

"பண்லாம். பண்ணா மறுபடி என்னியே தேடிக்கினு வருவீங்க. ரீகண்டிஷன் மோட்டார் ஒன்னு இருக்குது. இதே சைஸ். கண்ணால பாத்து எடுத்துக்கினு போங்க."

அதைத் தரையில் போட்டு, ஒரு காலால் அமுக்கிக்கொண்டு, பேட்டரியிலிருந்து ஒயரைத் தொட்டார். மோட்டார் உறுமித் துள்ளியது. கடையில் பிளக்கை எடுக்க வந்திருந்த ஒரு லாரி டிரைவர் பின்னால் குதித்தார்.

"உயிரு இருக்குதா சார்?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

திருப்தியோடு எதிர்ப்புறம் ஹோட்டலுக்குச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது மோட்டாரைச் சாக்கில் சுற்றிக் கட்டி வைத்திருந்தார். இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். போனது பன்னிரண்டு நாற்பதுக்கு, வந்தது ஒன்று இருபத்தைந்துக்கு. வழக்கம்போல டைரியில் குறித்துவைத்தேன்.

வீட்டில் சாக்கைப் பிரித்தால், வேலைக்குக் குறையில்லாத அந்த மோட்டாரின் மேல்தோல் எனக்குப் பிடிக்கவில்லை. அங்கங்கே துரு, பழைய பெயிண்ட் செதில். அதை அப்படியே மாட்ட எனக்குக் கை வரவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு அடித்துக் காயவைத்து, அதன் மேல் கறுப்புப் பெயிண்ட் இரண்டு கோட் கொடுத்தேன். மேலும் கீழும், முன்னும் பின்னும், இன்ஜினோடு போய்ச் சேரும் தட்டையான முகப்பிலும். போல்ட் தலைகளையும் விடவில்லை.

லோகநாதன் மதில் மேல் கையூன்றி நின்று பார்த்தார். "இன்னா சார், அதுக்கு எதுனா மாப்ள வூட்டுக்காரங்க வராங்களா?"

"துரு பிடிக்காமல் இருக்கும்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டினேன். ஒயர்கள் 1, 2, 3. படத்தோடு ஒப்பிட்டேன். கமலா சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். சாவியைத் திருப்பினேன்.

டக்.

மறுபடி திருப்பினேன். டக். அவ்வளவுதான். பேட்டரியைச் சோதித்தேன், நல்ல நிலையில் இருந்தது. ஒயர்களை இறுக்கிப் பார்த்தேன். என் பங்கில் ஒரு தவறும் இல்லை என்று மூன்று முறை உறுதி செய்துகொண்டேன். அப்புறம் டைரியை எடுத்தேன். 12.40 முதல் 1.25 வரை. நாற்பத்தைந்து நிமிடம் மோட்டார் என் கண்ணில் இல்லை.

நல்லதைக் காட்டிவிட்டுக் கெட்டதைக் கட்டிக் கொடுத்திருக்கிறார் என்று தீர்மானித்தேன். அந்த எண்ணம் வந்ததும் எனக்குக் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகம் வந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

'நீங்க' போய் 'நீ' வந்தது

திங்கட்கிழமை காலை பதினொன்றுக்குக் கடையில் இருந்தேன்.

"வாங்க சார். மோட்டாரு எப்டி ஓடுது?"

"அதைத்தான் கேட்க வந்தேன்" என்று டைரியைப் பிரித்தேன். நின்றபடியே நேரங்களைப் படித்தேன். மற்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

ஏகாம்பரம் முதலில் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்கலாம். பிறகு, "சார், கழட்டிக் கொண்டாங்க. இங்கயே போட்டுப் பாத்துடலாம்" என்றார்.

நியாயமான பேச்சு. எனக்கு அப்போது அது தந்திரமாகப் பட்டது.

"கழற்றிக் கொண்டு வந்தால், வழியில் நான் மாற்றிவிட்டேன் என்று சொல்வாய்."

அந்த 'சொல்வாய்'க்கு அப்புறம் அன்று நான் 'நீங்க'வுக்குத் திரும்பவில்லை. அலுவலகத்தில் பியூனைக்கூட 'நீ' என்று அழைக்காதவன் என்று பெயர் எடுத்திருந்தேன்.

நின்றிருந்த ஏழு பேரில் ஒருவர் வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ரெக்ஸின் பை. அவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஏகாம்பரம் பேசும்போது என்னை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துப் பேசினார். அதையும் நான் குற்றத்தின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டேன்.

"பதினஞ்சு வருசமா கடை வெச்சிக்கினு இருக்கறேன். எவனும் இப்டிக் கேட்டதில்ல சார்."

"அப்படியானால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய். நான் போய்விடுகிறேன்."

எங்கள் பக்கத்தில் அது சாதாரண வார்த்தை இல்லை. அண்ணன் தம்பி பாகத்தகராறில், கோயில் வாசலில், ஊர் பார்க்கச் செய்வது. பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது என்பார்கள். மெய்ச் சத்தியம் செய்தவனையும், சத்தியம் செய்யும் நிலைக்கு வந்தவன் என்றுதான் ஊர் பிறகு சொல்லும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

ஏகாம்பரம் கடைக்குள் போய், சாமி படத்துக்கு முன்னாலிருந்த டப்பாவிலிருந்து ஒரு கட்டிக் கற்பூரம் எடுத்து வந்தார். அடுத்து நடந்ததை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

வெள்ளைச் சட்டைக்காரர், "சரி ஏகாம்பரம், அப்பால பாக்கலாம்" என்று தெருவைக் கடந்து போனார். கொண்டுவந்த டைனமோவை அவர் திரும்ப எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். அதற்கு அர்த்தம் அன்று எனக்குத் தெரியாது.

வண்டிக்கு அடியில்

அடுத்த ஞாயிறு காலை ஆறரைக்கு மோட்டாரைக் கழற்றலாம் என்று வண்டிக்கு அடியில் படுத்தேன். கழற்றுமுன் ஒரு சோதனை செய்து பார்க்கத் தோன்றியது. பேட்டரியின் எர்த் முனையிலிருந்து ஒரு தடித்த ஒயரை மோட்டாரின் உடம்பில், பெயிண்டைக் கீறிய ஓரிடத்தில், அழுத்திப் பிடித்தேன். கமலாவைச் சாவியைத் திருப்பச் சொன்னேன்.

என் காதுக்குப் பக்கத்தில் மோட்டார் உறுமியது. இன்ஜின் பிடித்துக்கொண்டது. வண்டி முழுவதும் குலுங்கியது.

"ஓடுதுங்க!" என்று கமலா கத்தினாள்.

நான் அப்படியே படுத்துக் கிடந்தேன். செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் கொண்டுபோகத்தான் ஒயர்கள் உண்டு. திரும்பும் வழி அதன் உடம்பு. உடம்பு இன்ஜினோடு இரும்பும் இரும்புமாக ஒட்டியிருந்தால்தான் கரண்ட் சுற்றி வரும். நடுவில் நான் பெயிண்ட் அடித்து வைத்திருந்தேன், இரண்டு கோட், ரெட் ஆக்சைடு தனி.

கழற்றினேன். பிளேடால் முகப்பைச் சுரண்டினேன். போல்ட் தலைகளையும் சுரண்டினேன். ஒன்பதரைக்குத் திரும்ப மாட்டி முடித்தேன். சாவியைத் தொட்டதும் ஸ்டார்ட் ஆனது.

சத்தம் கேட்டு லோகநாதன் வந்தார். கற்பூரக் கதையை நான் அவரிடம் சொல்லியிருந்தேன். எனக்குச் சாதகமாகச் சொல்லியிருந்தேன். "பாத்தீங்களா சார்! அந்தாளு சத்தியத்துக்கு பயந்துக்கினு மோட்டாரே ஓடுது!" என்றார்.

நான் சிரித்தேன்.

பத்தரைக்குக் கேட் திறக்கும் சத்தம். விலாசம் விசாரித்துக்கொண்டு, தோளில் சாக்கு மூட்டையோடு ஏகாம்பரம் வந்து நின்றிருந்தார். சட்டை முழுக்க வேர்வை. வலது உள்ளங்கையில் ஒரு துணிச்சுற்று.

"இது என் கடையிலியே நல்ல மோட்டாரு சார். எனக்கு எதுவும் வேணாம். இத மாட்டிட்டு, அத எடுத்துக்கினு போறேன். எங்க கோளாறுன்னு எனக்குத் தெரிஞ்சாவணும்."

வாய் திறக்க எனக்கு நேரம் இருந்தது. செருப்பைக் கழற்றினார், சாக்கை இறக்கினார், கமலா கொடுத்த தண்ணீரைக் குடித்தார். அவ்வளவு நேரம் இருந்தது. அவர் சாவியைக் கேட்டார். கொடுத்தேன். உட்கார்ந்து திருப்பினார். வண்டி உடனே பிடித்தது.

வண்டியை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஓடுதே சார்?"

"ஆமாம். தானாகவே சரியாகிவிட்டது" என்றேன்.

மதில் பக்கமிருந்து லோகநாதன், "கற்பூரம் வேல செய்து வாத்யாரே!" என்றார்.

ஏகாம்பரம் மதில் பக்கம் திரும்பிப் பார்த்தார். "தானா எதுவும் ஆவாதுங்க" என்று அவருக்குப் பதில் சொல்லிவிட்டு, தரையில் எதையும் விரிக்காமல் வண்டிக்கு அடியில் போனார். இரண்டு நிமிடம் கால்கள் மட்டும் தெரிந்தன.

"சார், கொஞ்சம் கீழ வாங்க."

போய்ப் பக்கத்தில் படுத்தேன். சூடான ஆயில் வாசனை. அவர் தரையிலிருந்து எதையோ பொறுக்கி என் முகத்துக்கு முன்னால் காட்டினார். சுருண்ட கறுப்புச் செதில்.

"இன்னா இது?"

"பெயிண்ட்."

"சேர்ற மூஞ்சிலயும் அடிச்சீங்களா?"

"முழுசா அடித்தேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கியது. "அய்ய, ஷோக்கா இருக்குதே! எர்த்துக்கு சட்ட போட்டு வுட்டுட்டு, என் கையக் கொளுத்தச் சொன்னீங்களா?" என்றார். சிரிப்பு தானாக அடங்கியது. பிறகு அவர் மிகவும் மெதுவாகப் பேசினார். வெளியே இருப்பவர்களுக்குக் கேட்காது.

"எப்போ சொரண்டுனீங்க?"

"காலையில்."

"அப்ப நான் கேட்டத் தொறக்கும்போதே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்பறம் ஏன் சார் தானா ஆச்சுன்னு சொன்னீங்க?"

செதிலை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

அவர் எங்கள் தலைக்கு மேலிருந்த இன்ஜினைப் பார்த்தபடியே சொன்னார். "அன்னிக்கு வெள்ளச் சட்டையில ஒருத்தர் நின்னாரே, அவுரு பஸ் கம்பெனி மேனேஜரு. நாலு பஸ்ஸு. எட்டு வருசமா பேட்டரி, டைனமோ எல்லாம் எங்கிட்டதான். அன்னிக்கு எடுத்துக்கினு போன டைனமோ இன்னும் திரும்பி வரல. அந்த நாலு பஸ்ஸு போச்சுன்னா நான் கடையச் சாத்தணும் சார். வெள்ளிக்கெழம காலையில எட்டு மணிக்கு அவுரு கட்டாயம் கடப்பக்கம் வருவாரு. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லிடுங்க. எனக்கு அது போதும்."

"வருகிறேன்" என்றேன்.

கமலா சாப்பிடச் சொன்னாள். "இல்லம்மா, கட இருக்குது" என்று சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டார். லோகநாதன் என்ன கோளாறு என்று கேட்டதற்கு, "எர்த்துங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எப்படி எர்த் போனது என்று லோகநாதன் என்னைக் கேட்டார். ஏதோ லூஸ் என்றேன்.

நான்கு பத்திகள்

வெள்ளிக்கிழமை நான் போகவில்லை.

அன்று அலுவலகத்தில் ஆய்வு இருந்தது. அது உண்மை. பத்து மணிக்குத்தான் ஆய்வு என்பதும் உண்மை. ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தால் ஒன்பதே முக்காலுக்குத் திரும்பியிருக்கலாம். கால அட்டவணை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது.

அதற்குப் பதில் வியாழக்கிழமை மாலை ஒரு கடிதம் எழுதினேன். நான்கு பத்திகள், எண் போட்டு. முதல் பத்தியில் மோட்டார் வாங்கிய விவரம். இரண்டாவதில் கோளாறு. மூன்றாவதில் பெயிண்ட், எர்த் விளக்கம். நான்காவதில் ஏகாம்பரத்தின் மேல் தவறில்லை என்பது. கூடவே மோட்டாரின் படமும் வரைந்து, பெயிண்ட் இருந்த இடத்தைக் கோடு போட்டுக் காட்டினேன். அழகாக வந்தது. கமலாவிடம் காட்டினேன்.

அவள் படித்துவிட்டு, "நேர்ல போறேன்னுதானே சொன்னீங்க?" என்றாள்.

"எழுத்தில் இருந்தால் ஆதாரம்."

"யாருக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

ஏகாம்பரத்தின் கடை முகவரிக்கு, மேனேஜரிடம் காட்டும்படி, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன்.

பதில் வரவில்லை. மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, கூட்டேரிப்பட்டில் அளவை வேலை முடித்துவிட்டு அங்கிருந்து திண்டிவனம் பஸ் ஏறினேன். இதற்காகவே கிளம்பிப் போகும் தைரியம் அப்போதும் இல்லை.

எதிர்ச்சாரி

மத்தியானம் மூன்று மணி. கடையில் ஏகாம்பரம் மட்டும் ஒரு பழைய பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வேலைக்கு வந்த சாமான்கள் அடுக்கியிருக்கும் பலகையில் பாதி காலியாக இருந்தது.

"வாங்க சார்" என்று ஸ்டூலைத் தள்ளினார். உட்காரவில்லை.

"கடிதம் வந்ததா?"

"வந்துச்சு. படம் நல்லா இருந்துச்சு." பேட்டரி மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகினார். "மேனேஜர்கிட்ட குடுத்தேன். அவுரு படிச்சிட்டு, 'கடுதாசி யார் வேணா எழுதலாம்யா. அன்னிக்கு வாயால சொன்னவரு, இன்னிக்கி ஏன் தபால்ல வராரு?'ன்னு கேட்டாரு. நானு இன்னா சொல்றது? நீங்க வருவீங்கன்னு அந்த வெள்ளிக்கெழம அவுர ஒன்பது மணி வரிக்கும் டீ வாங்கிக் குடுத்து உக்கார வெச்சிருந்தேன்."

"பஸ்கள்?"

"வேற எடத்துக்குப் போயிடுச்சுங்க. நாலும்."

மேனேஜர் எங்கே என்று கேட்டேன். பஸ் ஸ்டாண்டில்தான் என்றார். "நீங்களும் வாங்க" என்றேன். "ஜல்தியா வந்துடணும். கடையில ஆளில்ல" என்று கூட வந்தார்.

பஸ் ஸ்டாண்டில் டிரைவர்கள், கண்டக்டர்கள் நாலைந்து பேரோடு மேனேஜர் நின்றிருந்தார். அவர்கள் விலகட்டும் என்று கொஞ்சம் தயங்கினேன். யாரும் விலகவில்லை. கடை வாசலிலும் அன்று யாரையும் விலகச் சொல்லி நான் கேட்கவில்லை.

சொன்னேன். பெயிண்ட் அடித்தது நான். ஏகாம்பரம் மோட்டாரை மாற்றவில்லை. கற்பூரம் கேட்டது தவறு. ஞாயிற்றுக்கிழமையே எனக்குத் தெரியும்.

கண்டக்டர் ஒருவர், "மோட்டாருக்கு பவுடர் போட்டவரு இவருதானா?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். கதை எனக்கு முன்னால் அங்கே வந்திருந்தது.

மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபமில்லை. "படிச்சவரா இருக்கறீங்க. இத சொல்றதுக்கு ஒரு மாசமா சார்?" என்றார். பிறகு ஏகாம்பரத்திடம், "நீ சுத்தம்யா. எனக்குத் தெரியும். ஆனா மொதலாளி அந்தப் புது கடக்காரன்கிட்ட வருசத்துக்குப் பேசி முடிச்சிட்டாரு. இப்ப போய் நான் இன்னா பண்ணுவேன்? வர்ற வருசம் பாக்கலாம்" என்றார்.

"சரிங்க" என்றார் ஏகாம்பரம்.

திரும்பி நடந்தோம். கரும்பு ஜூஸ் மெஷினைத் தாண்டும்போது நான் சொன்னேன்: "இனிமேல் என் வண்டி வேலை எல்லாம் உங்களிடம்தான். அலுவலக ஜீப்புக்கும் சொல்லி..."

"வேணாம் சார்."

நின்றேன். அவரும் நின்றார்.

"பேஜாரு பண்ணிக்காதீங்க, கோவத்துல சொல்லல. உங்க வண்டி எங்கிட்ட வர வேணாம். எதுனா ஒன்னு ஆவும். வண்டின்னா ஆவும். அப்ப நீங்க மொதல்ல என்னத்தான் பாப்பீங்க. அந்த நோட்டப் பாப்பீங்க." சட்டைப் பையிலிருந்த என் டைரியை அவர் தொடவில்லை, கண்ணால் மட்டும் காட்டினார். "விழுப்புரத்துலயே நல்ல ஆளுங்க இருக்காங்க. அங்கயே பாத்துக்கங்க."

விழுப்புரம் பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. அவர் கையைத் தட்டி நிறுத்தினார். கண்டக்டரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "சாரு விழுப்புரம். ஜன்னலோரமா எடம் பாத்துக் குடு" என்றார்.

ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் அதற்குள் தெருவைப் பாதி கடந்திருந்தார். கடை வாசலில் யாரோ ஒருவர் சைக்கிள் கேரியரில் பேட்டரியோடு நிற்பது தெரிந்தது. ஏகாம்பரம் கையை உயர்த்தி அவரை இருக்கச் சொல்லிவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.